நாடு மாறி வந்த போன்: சர்வீஸ் மேசைக்கு ஒரு வழிகாட்டி

"தம்பி, நெட்டு ஓடுது, வாட்ஸ்அப் வருது. ஆனா யாருக்கும் கால் போகமாட்டேங்குது."

அந்த அக்காவின் கையில் இருப்பது துபாயிலிருந்து வீட்டுக்காரர் கொடுத்தனுப்பிய சாம்சங். உள்ளே ஜியோ சிம். உங்கள் மேசைக்கு முன் இப்படி ஒருவர் வந்து நின்றால் என்ன செய்வீர்கள்?

"சாஃப்ட்வேர் போடணும்கா, சாயங்காலம் வாங்க" என்று போனை வாங்கி வைப்பது பல கடைகளின் வழக்கம். முதலில் காரணத்தைப் பாருங்கள். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி நெட்வொர்க் கிடையாது. 2016 செப்டம்பரில் சேவை தொடங்கிய நாளிலிருந்து அதன் குரல் அழைப்புகள் பெரும்பாலும் 4ஜி வழியாக, வோல்டியில் போகின்றன. போனின் மென்பொருளில் ஜியோவுக்கான வோல்டி அமைப்பு இல்லையென்றால் நெட் ஓடும், கால் போகாது. சில போன்களில் அந்த அமைப்பு இருக்கும், ஆனால் செட்டிங்ஸில் வோல்டி பட்டன் அணைந்து கிடக்கும். பட்டன் அணைந்திருந்தால் அரை நிமிட வேலை. அமைப்பே இல்லையென்றால்தான் மென்பொருள் மாற்றம்.

கீழக்கரை, காயல்பட்டினம், கூத்தாநல்லூர் போன்ற ஊர்களில் வெளிநாட்டுப் போன் இல்லாத தெரு குறைவு. சென்னை ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் அவை தினம் கைமாறுகின்றன. ஆகவே போனின் நாட்டு மென்பொருளை மாற்றத் தெரிந்த டெக்னீஷியனுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ஃப்ளாஷ் அடிப்பது பத்து நிமிட வேலை. எப்போது அடிக்க வேண்டும், எப்போது தொடவே கூடாது என்று அறிவதுதான் தொழில்.

எது மாறும், எது மாறாது?

சாம்சங் போனின் மென்பொருளில் நாட்டுக்கும் சேவை நிறுவனத்துக்கும் ஏற்ற அமைப்புகள் ஒரு தனிப் பகுதியாக இருக்கும். அதற்குப் பெயர் சிஎஸ்சி. ஒவ்வொரு சந்தைக்கும் மூன்றெழுத்துக் குறியீடு உண்டு: இந்தியாவுக்கு ஐஎன்எஸ், அமீரகத்துக்கு எக்ஸ்எஸ்ஜி, சிங்கப்பூருக்கு எக்ஸ்எஸ்பி, மலேசியாவுக்கு எக்ஸ்எம்இ.

சிஎஸ்சி மாறினால் இவை மாறும்: இன்டர்நெட் அமைப்பு, வோல்டி, வைஃபை காலிங், முன்கூட்டியே ஏற்றப்பட்ட ஆப்கள், கால் ரெக்கார்டிங் போன்ற வசதிகள். இந்திய மென்பொருளில் இருக்கும் கால் ரெக்கார்டிங் பல ஐரோப்பிய மென்பொருள்களில் இருக்காது. கொரியப் போனில் கேமரா சத்தத்தை அணைக்க முடியாததற்கும் அந்த நாட்டு மென்பொருளே காரணம். அடுத்தடுத்த அப்டேட்டுகளும் புதிய குறியீட்டுக்கு உரியவையாக வரும்.

மென்பொருளுக்கு எவ்வளவு அதிகாரம் என்பதை 2022-இல் நாடே பார்த்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1-இல் இந்தியாவில் 5ஜி தொடங்கியது. 5ஜி சிப் உள்ள ஐபோன்கள் லட்சக்கணக்கானோர் கையில் இருந்தன. ஆனாலும் டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 வந்த பிறகுதான் அவற்றில் இந்திய 5ஜி பொதுவாகத் திறந்தது. பொருள் முன்பே தயார், அனுமதி மென்பொருளில் பூட்டிக் கிடந்தது.

மாறாதவை எவை? போனின் ரேடியோ எந்த அலைவரிசைகளைப் பிடிக்கும் என்பது பெரும்பாலும் போர்டிலேயே தீர்மானமாகிவிடும். ஜியோவின் 4ஜிக்கு 3, 5, 40 ஆகிய பேண்டுகள் முக்கியம். போர்டில் பேண்ட் 40 இல்லாத போனுக்கு எந்த ஃபைலைப் போட்டாலும் அது வராது. சிம் ஸ்லாட்டின் எண்ணிக்கை மாறாது. ஐஎம்இஐ மாறாது. உத்தரவாதமும் வாங்கிய நாட்டோடு இருக்கும், சிஎஸ்சி மாற்றியதால் இந்தியாவுக்கு வந்துவிடாது. கஸ்டமரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மூன்று பூட்டுகளைக் குழப்பாதீர்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. "போன் லாக்" என்று கஸ்டமர் ஒரே சொல்லில் சொல்வார். அது மூன்றில் எது என்று பிரிப்பது உங்கள் வேலை.

முதலாவது, சிம் லாக். வெளிநாட்டில் தவணையில் வாங்கிய போனை அந்தச் சேவை நிறுவனம் தன் சிம்முக்கு மட்டும் பூட்டி வைத்திருக்கும். வேறு சிம் போட்டால் ஏற்காது. சிஎஸ்சி மாற்றினால் இந்தப் பூட்டு திறக்காது. தவணையைக் கட்டி முடித்து, அந்த நிறுவனத்திடமே கேட்டுத் திறக்க வேண்டும். அமெரிக்கப் போன்களில் இது சகஜம். பிரிட்டனில் பூட்டிய போன் விற்பதை 2021 டிசம்பரில் தடை செய்துவிட்டார்கள். அதற்கு முந்தைய பிரிட்டன் போனில் பூட்டு இருக்கலாம்.

இரண்டாவது, பகுதிப் பூட்டு. புதுப் பெட்டியிலிருந்து எடுத்த சாம்சங் வேறு நாட்டு சிம்மை ஏற்க மறுத்தால், பெட்டி மேல் உள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள். விற்ற பகுதியின் சிம்மைப் போட்டு மொத்தம் ஐந்து நிமிடம் பேசினால் திறந்துவிடும் வகை அது. ஊருக்கு அனுப்பும் முன்பே அங்கேயே பேசிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். காசில்லாமல் தீரும் பிரச்சினை.

மூன்றாவது, கூகுள் கணக்குப் பூட்டு. ரீசெட் செய்த பிறகு பழைய கணக்கைக் கேட்கும். உரிமையாளருக்குத் தன் கணக்கு தெரியும். தெரியாதவர் கொண்டுவந்தால் பில்லையும் பெட்டியையும் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேபிளை எடுக்கும் முன் எழுத வேண்டியவை

ஒரு நோட்டு வையுங்கள். ஒவ்வொரு போனுக்கும் ஐந்து வரி.

1. மாடல் எண். கேலக்ஸி எஸ்23 அல்ட்ரா என்று எழுதினால் போதாது. எஸ்எம்-எஸ்918 என்பதற்குப் பின் வரும் எழுத்து வரை வேண்டும். பி என்றால் உலகச் சந்தை, யூ என்றால் அமெரிக்கா, என் என்றால் கொரியா. ஒன்றின் ஃபைலை இன்னொன்றில் ஏற்றக் கூடாது. இரண்டு நாட்டிலும் அதே மாடல் எண் விற்கப்பட்டிருந்தால் மட்டுமே நேரான மாற்றம் சாத்தியம்.

2. இப்போதைய சிஎஸ்சி. செட்டிங்ஸில் அபவுட் போன், அதற்குள் சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன். சர்வீஸ் புரொவைடர் வரியில் சாய்கோடு போட்ட மூன்றெழுத்துகள் தெரியும். முதலில் இருப்பதே இப்போது ஓடும் குறியீடு. அது ஏற்கெனவே ஐஎன்எஸ் என்றிருந்தால் கோளாறு வேறெங்கோ. ஃப்ளாஷ் வேண்டாம்.

3. பில்ட் எண்ணின் கடைசி ஐந்து. உதாரணத்துக்கு அவை 3, பி, டபிள்யூ, கே, 5 என்று வைத்துக்கொள்வோம். கடைசியிலிருந்து வாசியுங்கள். 5 அந்த மாதத்தின் வரிசை, கே பதினோராவது எழுத்து ஆகவே நவம்பர், டபிள்யூ 2023-ஆம் ஆண்டு, பி பெரிய அப்டேட்டின் படி. முன்னால் நிற்கும் 3 தான் உயிர்நாடி. அது பூட்லோடர் எண், கடையில் 'பிட்' என்போம். போனில் பிட் 3 இருந்தால் ஏற்றும் ஃபைலில் 3 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். குறைந்த பிட் ஃபைலைப் போட்டால் போன் மறுத்து நின்றுவிடும்.

4. ஐஎம்இஐ. *#06# அழுத்தி, திரையில் வருவதையும் பெட்டியில் உள்ளதையும் ஒப்பிடுங்கள். பழைய போன் என்றால் கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து, இடைவெளி விட்டு 15 இலக்க எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அதன் நிலை தெரியும்.

5. பேக்கப்பும் கணக்கும். பேக்கப் எடுத்தாயிற்றா, கூகுள் மற்றும் சாம்சங் கணக்குக் கடவுச்சொல் நினைவிருக்கிறதா? கஸ்டமர் முன்னாலேயே கேட்டு, அவர் கையெழுத்தை வாங்குங்கள்.

ஐந்தாவது வரியை நான் கற்றுக்கொண்ட விதம் இன்னும் உறுத்துகிறது. தொழிலுக்கு வந்த முதல் வருடம், ஒரு பெரியவரின் போனில் சிஎஸ்சி மாற்றினேன். வேலை முடிந்ததாகத் திரையில் பச்சைக் கட்டம் வந்தது, பெருமையோடு கொடுத்தேன். அவர் கேலரியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "பேரன் நடக்க ஆரம்பிச்ச வீடியோ இருந்துச்சேப்பா" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. காசை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து பேக்கப் கையெழுத்து இல்லாமல் கேபிளைத் தொடுவதில்லை.

வேலை நடக்கும் வரிசை

சாம்சங்குக்கு நாம் பயன்படுத்துவது ஓடின். அது அந்த நிறுவனத்தின் உள் உபயோகக் கருவி, பொதுமக்களுக்கென்று வெளியிட்டதில்லை. அதனால் கண்ட இடத்தில் இறக்கினால் வைரஸும் சேர்ந்து வரும். கடைக்கென்று ஒரு சுத்தமான கம்ப்யூட்டரில், சோதித்த ஒரே பிரதியை வைத்திருங்கள். சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும், கேபிள் நல்லதாக இருக்கட்டும். கரண்ட் போகும் ஊர் என்றால் லேப்டாப் அல்லது யூபிஎஸ் கட்டாயம்.

போனை அணைத்து, இரண்டு வால்யூம் பட்டன்களையும் அழுத்திக்கொண்டே கேபிளைச் செருகினால் எச்சரிக்கைத் திரை வரும். வால்யூம் மேல் பட்டனை அழுத்தினால் டவுன்லோட் மோட். ஓடினில் நிரப்ப வேண்டியவை நான்கு கட்டங்கள்: பிஎல், ஏபி, சிபி, சிஎஸ்சி. அதனதன் ஃபைலை அதனதன் கட்டத்தில் வையுங்கள்.

நான்காவது கட்டத்தில் நிதானம் வேண்டும். ஃபைல் தொகுப்பில் சிஎஸ்சி என்றும் ஹோம் சிஎஸ்சி என்றும் இரண்டு இருக்கும். ஹோம் சிஎஸ்சி தரவுகளைக் காப்பாற்றும், வழக்கமாக நாட்டை மாற்றாது. நாட்டை மாற்ற சிஎஸ்சி வேண்டும், அது போனை முழுக்கத் துடைத்துவிடும். ரீ-பார்ட்டிஷன் என்ற டிக்கைத் தொடவே வேண்டாம். பச்சையில் பாஸ் வந்தபின் முதல் முறை போன் திறக்கச் சில நிமிடம் ஆகும். பதறிப்போய்க் கேபிளைப் பிடுங்காதீர்கள்.

திறந்ததும் சிஎஸ்சி வரியைப் பாருங்கள், கால் போட்டுப் பாருங்கள், வோல்டி அடையாளத்தைப் பாருங்கள். கஸ்டமர் கண்ணெதிரே ஒரு கால் போய் வந்த பிறகே வேலை முடிந்ததாகக் கணக்கு.

இப்படி நிறுவனத்தின் அசல் ஃபைலை ஏற்றினால் நாக்ஸ் பாதுகாப்பு உடையாது. மாற்றி எழுதிய ஃபைலை ஏற்றினால் உள்ளே இருக்கும் ஃப்யூஸ் ஒருமுறை எரிந்துவிடும். அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. செக்யூர் ஃபோல்டரும் சாம்சங் வாலட்டும் அதோடு போய்விடும்.

ஷாவ்மி வந்தால், ஐபோன் வந்தால்

ஷாவ்மியில் சீனப் போனை ஜாக்கிரதையாக அணுகுங்கள். சீனாவுக்கான போனில் விற்பனையாளரே உலக மென்பொருளை ஏற்றி அனுப்பியிருக்கலாம். அப்படியானால் அதன் பூட்லோடர் திறந்தே இருக்கும். நல்லது செய்வதாக நினைத்து அதைப் பூட்டினால் போன் எழுந்திருக்காது. பழைய பதிப்புக்கு இறங்குவதும் ஆபத்து. 2018-இல் ரெட்மி நோட் 5 ப்ரோவில் பின்னிறக்கத் தடை வந்தபோது, தெரியாமல் பழைய ஃபைல் போட்ட போன்கள் டெட் ஆயின.

ஐபோனுக்கு நாட்டு மென்பொருள் மாற்றம் என்ற வேலையே கிடையாது. ஒரு மாடலுக்கு ஒரே ஃபைல், சேவை நிறுவன அமைப்பு தனியே இறங்கும். செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் பகுதியில் கேரியர் லாக் என்ற வரி இருக்கிறது. சிம் கட்டுப்பாடு இல்லை என்று காட்டினால் போன் திறந்தது. இல்லையென்றால் அந்த நிறுவனம்தான் திறக்க வேண்டும். அமெரிக்காவில் விற்கும் ஐபோன் 14 முதல் சிம் தட்டே கிடையாது, இசிம் மட்டும். வாங்கி வரும் முன்பே உறவினர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

தொடக்கூடாத வேலை

ஐஎம்இஐ மாற்றித் தரச் சொல்லி எவ்வளவு காசு காட்டினாலும் செய்யாதீர்கள். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். திருட்டுப் போனின் பயணம் பெரும்பாலும் ஒரு சர்வீஸ் மேசையைத் தாண்டித்தான் போகிறது. அது உங்கள் மேசையாக இருக்க வேண்டாம்.

காசும் பெயரும்

பார்த்துச் சொல்வதற்கு ஒரு கட்டணம், மாற்றுவதற்கு ஒரு கட்டணம் என்று பிரித்து எழுதி ஒட்டுங்கள். அப்போதுதான் "இதுக்கு ஃப்ளாஷ் வேண்டாம்கா" என்று தைரியமாகச் சொல்ல முடியும். உத்தரவாதம் உள்ள போன் என்றால் முதலில் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரைக் கைகாட்டுங்கள். ரசீதில் பழைய சிஎஸ்சி, புதிய சிஎஸ்சி, பிட் ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை அந்தப் போனை யார் திறந்தாலும் உங்கள் ரசீது வழி சொல்லும். அடிப்படையிலிருந்து தொடங்குபவர்கள் ஐடிஐ-யில் ஸ்மார்ட்போன் டெக்னீஷியன் பிரிவு இருக்கிறதா என்று விசாரித்துச் சேரலாம்.

முதலில் வந்த அக்காவுக்கு வருவோம். மாடலைப் பார்த்தோம், சிஎஸ்சியைப் பார்த்தோம், செட்டிங்ஸைத் திறந்தோம். வோல்டி பட்டன் அணைந்திருந்தால் போட்டுவிட்டு, பார்த்த கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். அடுத்த வாரம் அவர் தெருவிலிருந்து நான்கு போன் வரும். கற்றுக்கொள்ளும் தம்பி தங்கைகளிடம் நான் கேட்பது இதுதான்: இன்றே ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் அந்த ஐந்து வரிகளையும் எழுதுங்கள். ஐந்தும் நிரம்பாமல் எந்தப் போனிலும் கேபிளைச் செருகாதீர்கள்.