பாட்டிலில் அடைக்க அவசரப்படாதீர்கள்



உங்கள் கடிதத்தின் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போது பாட்டிலில் அடைக்காதீர்கள். அளந்து பார்க்காமல் அடுத்த வாரமும் வேண்டாம்.

லூவன் நகரத்து பிப்ரவரிக் குளிரில், ஹீட்டர் இல்லாத பின்னறையில் 20 லிட்டர் விட்பியர் என்ற பெல்ஜிய கோதுமை பியர் வைத்திருக்கிறீர்கள். அறை 16 டிகிரி. தொடக்க அடர்த்தி 1.048, பத்தாம் நாள் 1.020. ஏர்லாக்கில் குமிழ் நின்றுவிட்டது, மேலே நுரை மட்டும் கலையாமல் நிற்கிறது. குமிழை மட்டும் பார்த்துக் கவலைப்படாமல் ஹைட்ரோமீட்டரை எடுத்து அளந்தீர்களே, அதனால்தான் உறுதியாக ஏதாவது சொல்ல முடிகிறது.

இந்த வகை பியர் வழக்கமாக 1.010, 1.012 அளவில் முடியும். அப்படியானால் இன்னும் குறைந்தது எட்டு புள்ளி (0.008) இறங்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு புள்ளி இறங்கும்போதும் பியரின் கொள்ளளவில் ஏறத்தாழ அரை மடங்கு கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். எட்டுப் புள்ளிக்கு நான்கு மடங்கு. நுரைப்புக்காக நீங்கள் சேர்க்கப்போகும் சீனி, பியரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் வாயுவோடு சேர்ந்து, இன்னும் மூன்று மடங்கு வரை தரும். இரண்டும் சேர்ந்து ஏழு. சாதாரண பியர் பாட்டில் அதைத் தாங்காது. வெடித்தால் கண்ணாடிச் சில்லு அறை முழுக்கப் பறக்கும். வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

குமிழை நம்ப வேண்டாம். மூடி சற்றுத் தளர்ந்திருந்தாலே காற்று வேறு வழியாகப் போய்விடும், ஏர்லாக் சும்மா இருக்கும். நொதித்தல் முடிந்த பிறகும் அறை வெப்பம் ஏறினால் கரைந்திருந்த வாயு வெளியேறிக் குமிழ் விடும். நுரையும் அப்படித்தான். இட்லி மாவு பொங்கினால் புளித்துவிட்டது என்று கண்ணாலேயே சொல்லிவிடுவோம், இங்கே அந்தக் கணக்கு செல்லாது. விட்பியர் ஈஸ்ட்களில் சில, வேலை முடிந்த பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் நுரையைத் தலையில் வைத்துக்கொண்டே நிற்கும்.

அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கலங்கலான கோதுமை பியரில் ஹைட்ரோமீட்டரின் தண்டைச் சுற்றி நுண்ணிய குமிழ்கள் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கும். அப்போது அளவு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். எடுத்த பியரை இரண்டு டம்ளர்களில் மாற்றி மாற்றி ஊற்றி வாயுவைப் போக்குங்கள். பிறகு ஹைட்ரோமீட்டரை விரலால் ஒரு சுழற்று சுழற்றிவிட்டு, கண்ணை நேர்மட்டத்தில் வைத்துப் படியுங்கள். பார்த்த பியரைத் தொட்டிக்குள் திரும்ப ஊற்றாதீர்கள்.

இனி, ஏன் இப்படி மந்தமானது என்று பார்ப்போம். முதல் காரணம் குளிர். இந்த ஈஸ்ட்கள் 19 முதல் 23 டிகிரியில்தான் சுறுசுறுப்பாக வேலை செய்யும். இரண்டாவது, ஈஸ்டின் அளவு. மில்லிலிட்டருக்கு, ஒரு டிகிரி பிளேட்டோவுக்கு (சர்க்கரை அடர்த்தி அளவு), ஏழரை லட்சம் செல் என்பது ஏல் வகைக்கு வழக்கமான கணக்கு. உங்கள் வோர்ட் (நொதிக்கும் முன் உள்ள மால்ட் கரைசல்) ஏறத்தாழ 12 பிளேட்டோ. 20 லிட்டருக்கு 18,000 கோடி செல் வேண்டும். நீங்கள் வாங்கிய திரவ ஈஸ்ட் பாக்கெட் போன்றவற்றில் புதிதாக இருக்கும்போதே 10,000 கோடிதான் இருக்கும், மாதங்கள் போகப்போக அதிலும் உயிருள்ளவை குறையும். ஸ்டார்ட்டர் (ஈஸ்டை முன்கூட்டியே பெருக்கும் சிறு கரைசல்) தயாரிக்காமல் நேரே ஊற்றியிருக்கிறீர்கள்.

மூன்றாவது காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. விட்பியரில் தானியத்தின் பாதியளவு முளைகட்டாத கோதுமை. முளைகட்டும்போதுதான் தானியத்தின் புரதம் உடைந்து, ஈஸ்டுக்குத் தேவையான அமினோ அமிலங்கள் கணிசமாக உருவாகின்றன. முளைகட்டாத கோதுமை அதிகமானால் சர்க்கரை போதுமான அளவு இருக்கும், நைட்ரஜன் சத்து குறையும். அடுத்த முறை கொதியின் கடைசிப் பத்து நிமிடத்தில் கொஞ்சம் ஈஸ்ட் ஊட்டச்சத்து சேர்த்து, ஆறிய வோர்ட்டை நன்றாகக் குலுக்கி ஆக்ஸிஜன் ஏற்றுங்கள். இந்த முறை காற்று ஏற்றக் கூடாது. நொதித்துக்கொண்டிருக்கும் பியரில் காற்றுப் பட்டால் சுவை பழையதாகிவிடும், அதிலும் கோதுமை பியர் சீக்கிரம் கெடும்.

இப்போது செய்ய வேண்டியது: தொட்டியை ஹீட்டர் உள்ள அறைக்கு மாற்றி, இரண்டு மூன்று நாளில் மெதுவாக 22 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். வெப்பம் ஏறினால் வாசனை கெட்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். கிராம்பு வாசனையும் பழ வாசனையும் பெரும்பாலும் ஈஸ்ட் பெருகும் முதல் சில நாட்களிலேயே தீர்மானமாகிவிடும். அப்போது சூடு மிஞ்சினால்தான் கெடுதல், முடிவில் ஏறும் சூடு ஈஸ்டுக்குத் தெம்பு. மூடியைத் திறக்காமல், தளும்பாமல், தொட்டியை மெல்ல ஆட்டி அடியில் படிந்த ஈஸ்டைக் கிளப்பிவிடுங்கள். ஐந்து நாள் கழித்து அளந்து பாருங்கள்.

அதற்குள் ஒரு சிறு சோதனையும் செய்யலாம். கால் லிட்டர் பியரைச் சுத்தமான பாட்டிலில் எடுத்து, உலர் ஏல் ஈஸ்டைத் தாராளமாகப் போட்டு, வாயைத் தளர்வாக மூடி, 25 டிகிரியில் மூன்று நாள் வைத்து அவ்வப்போது குலுக்குங்கள். அது இறங்கும் அளவுதான் உங்கள் பியரின் எல்லை. சேசோன் வகை ஈஸ்ட் வேண்டாம், அவற்றில் சில மற்ற ஈஸ்டால் உண்ண முடியாத டெக்ஸ்ட்ரினையும் தின்றுவிடும், சோதனை பொய்யாகும். சோதனை பாட்டிலும் 1.020-இலேயே நின்றால் குற்றம் ஈஸ்டில் இல்லை. மேஷ், அதாவது தானியத்தை வெந்நீரில் ஊறவைக்கும் கட்டம், 70 டிகிரியை ஒட்டி ஏறியிருக்கலாம். சோதனை இறங்கி, தொட்டி இறங்காவிட்டால் புது ஈஸ்ட் சேர்க்கலாம். ஆல்கஹால் ஏறிய பியரில் உலர் ஈஸ்டை அப்படியே தூவினால் பெரிய பலன் இருக்காது. சிறிய ஸ்டார்ட்டர் வைத்து, அது நுரைத்துக் கொந்தளிக்கும் நேரத்தில் ஊற்றுங்கள்.

லேசான புளிப்பு வாசனை என்றும் எழுதியிருந்தீர்கள். கோதுமையும் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்ந்தாலே ஒரு எலுமிச்சைத் தன்மை வரும். நீங்கள் இந்தியக் கடையில் வாங்கிய நீள்வட்டத் தனியாவில் அது இன்னும் தூக்கல். ஆனால் ஹாப்ஸ் குறைந்த பியரில் ஈஸ்ட் மெதுவாகக் கிளம்பினால் லாக்டிக் பாக்டீரியாவும் நுழையலாம். உங்கள் ஊருக்குப் பக்கத்து ஹூகார்டனில் பழைய வெள்ளை பியர் லேசாகப் புளித்துத்தான் இருந்தது, அதனால் இளசிலேயே குடித்துத் தீர்த்தார்கள். அங்கிருந்த கடைசி ஆலையான டோம்சின் 1957-இல் மூடியது. பால்காரராக இருந்த பியேர் செலிஸ், சிறுவயதில் அந்த ஆலையில் ஒத்தாசை செய்தவர். 1960-களின் நடுவில் அவர் அதே பியரைத் திரும்பக் காய்ச்சத் தொடங்கியதால்தான் இன்று உங்களுக்கும் எனக்கும் இந்தக் கவலை கிடைத்திருக்கிறது. அந்த மனிதரை நான் மிகவும் மதிக்கிறேன். புளிப்பு நாளுக்கு நாள் ஏறினால் மட்டும் கவலைப்படுங்கள்.

மூன்று நாள் இடைவெளியில் இரண்டு அளவும் ஒன்றாக இருந்து, சோதனை எல்லையோடு பொருந்தினால், லிட்டருக்கு 8 கிராம் சீனி சேர்த்து அடைக்கலாம். கனமான பெல்ஜிய பாட்டில்களாகப் பார்த்துச் சேர்த்து வையுங்கள். மேஷ் எந்த வெப்பநிலையில் இருந்தது, ஈஸ்ட் பாக்கெட்டில் என்ன தேதி, ஐந்து நாள் கழித்து எடுக்கும் அளவு என்ன, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். உடனே பதில் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்