நம்பத்தக்க மேகசீன் எது?

"மேகசீன் பற்றி ஒரு கட்டுரை வேண்டும்" என்று நம் மலராசிரியர் கேட்டபோது, கதையும் கவிதையும் தாங்கிவரும் ஏட்டைப் பற்றிக் கேட்கிறார் என்றே எண்ணினேன். "அதுவன்று, உங்கள் ரைபிள் மேகசீனைப் பற்றி" என்றார். இரண்டும் ஒரே சொல்தான், நண்பர்களே! கிடங்கு என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது அது. 1731-இல் லண்டனில் தொடங்கிய 'ஜென்டில்மன்ஸ் மேகசீன்' அப்பெயரை முதன்முதலில் ஓர் ஏட்டுக்குச் சூட்டியது. நான் இங்கே எழுதுவது தோட்டாக்களின் கிடங்கைப் பற்றி.

இதை எழுதக் காரணம் ஒரு தோல்வி. சென்ற குளிர்காலத்தில் கல்லூரிகளுக்கிடையே நடந்த சுடும் போட்டியில், முதலாண்டு படிக்கும் நம் தமிழ்த் தங்கை ஒருத்தி எங்கள் அணிக்காகச் சுட்டாள். ஒரு நிமிடத்தில் ஐந்து தோட்டா. மேகசீனை எடுத்துக் கொடுத்தவன் நான். "நேற்றுப் பத்து சுட்டுப் பார்த்தேன்; ஒரு குறையும் இல்லை" என்றும் சொன்னேன். மூன்றாம் தோட்டா ரைபிளின் அறைக்குள் நுழையாமல் கீழ்விளிம்பில் முட்டி நின்றுவிட்டது. அதை எடுத்துச் சரிசெய்வதற்குள் நேரம் முடிந்தது. மூன்று தோட்டாக்களின் மதிப்பெண் போயிற்று. அணியில் அவளுடைய இடமும் போயிற்று.

அவள் அழவில்லை, கோபிக்கவுமில்லை. "அண்ணா, பத்து சுட்டுப் பார்த்தேன் என்றீர்களே, பத்து போதுமா?" என்று மட்டும் கேட்டாள். இயற்பியலில் முதுகலை படிக்கும் எனக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். அன்று தெரியவில்லை.

முதலில் கருவியை அறிவோம். தேசிய மாணவர் படையில் நாம் கைக்கொள்ளும் சிறு ரைபிளின் குழல் 0.22 அங்குலம், அதாவது ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர். அதற்குரிய 'லாங் ரைபிள்' என்னும் தோட்டா 1887-இல் தோன்றியது. நீளம் ஓர் அங்குலம். அடிப்பாகத்தில் உடலைவிட அகன்ற ஒரு விளிம்பு உண்டு. உடல் 5.7 மில்லிமீட்டர் என்றால் விளிம்பு 7 மில்லிமீட்டர். தொல்லைகளில் ஒன்று இவ்விளிம்பிலேயே பிறக்கிறது. மேலுள்ள தோட்டாவின் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்குப் பின்னால் சிக்கிக்கொண்டால், போல்ட்டு எவ்வளவு தள்ளினாலும் தோட்டா எளிதில் முன்னேறாது. ஆகவே நிரப்பும்போது ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் தனக்குக் கீழுள்ளதன் விளிம்புக்கு முன்னால் அமைய வேண்டும். 1964-இல் வெளிவந்த ரூகர் 10/22 ரைபிள் இத்தொல்லையை வேறு வழியில் தீர்த்தது. அதன் மேகசீனில் பத்துத் தோட்டாக்களும் ஒரு சுழலியின் தனித்தனிப் பள்ளங்களில் அமர்கின்றன. விளிம்பும் விளிம்பும் சந்திப்பதேயில்லை.

நம் பெட்டி மேகசீனில் பார்க்க வேண்டியவை நான்கு.

முதலாவது, உதடுகள். மேல்வாயில் உள்நோக்கி வளைந்த இரு ஓரங்களுக்கு அப்பெயர். தோட்டா எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் வெளியேற வேண்டும் என்பதை முடிவு செய்பவை இவையே. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இரண்டும் ஒத்திருக்க வேண்டும். பிளவோ நசுங்கலோ இருந்தால் ஒதுக்கிவிடுக. குறடு கொண்டு நாமே நிமிர்த்துவது ஆகாது.

இரண்டாவது, தோட்டாக்களைத் தாங்கும் தட்டு. வெறும் மேகசீனில் ஒரு மரக்குச்சியால் அதை அழுத்திவிட்டால், சாயாமல், இடையில் நில்லாமல் மேலே வர வேண்டும். தயங்கினால் பெரும்பாலும் உள்ளே அழுக்கு. இத்தோட்டாவின் ஈயக்குண்டில் மெழுகுப்பூச்சு உண்டு. அது கரியோடு சேர்ந்து பிசினாகிறது. துடைத்து உலர்த்துக. எண்ணெயை ஊற்றினால் அழுக்கு மேலும் சேரும்.

மூன்றாவது, சுருள்வில். ஹூக்கின் விதி இங்கே அப்படியே பொருந்துகிறது. மேகசீன் நிறைந்திருக்கும்போது வில் மிகுதியாக அழுந்தியிருக்கும். கடைசித் தோட்டாவில் அதன் விசை மிகக் குறைவு. ஆகவே கடைசித் தோட்டாக்களில் மட்டும் தடங்கல் வந்தால் வில் தளர்ந்ததென ஐயுறலாம். நிறைத்தவுடன் முதல் தோட்டாவிலேயே வந்தால், அளவுக்கு மீறி நிறைத்தோமா என்று பார்க்கலாம். அழுத்தி வைத்திருந்தாலே வில் செத்துவிடும் என்பர் சிலர். மீள்தன்மை எல்லைக்குள் இருக்கும் நல்ல வில் அவ்வளவு எளிதில் தளராது. துருவும், எல்லை மீறிய அழுத்தமும், ஆயிரக்கணக்கான ஏற்ற இறக்கமுமே அதன் பகைவர்கள்.

நான்காவது, பொருத்தம். ரைபிளில் செருகியதும் தாழ் விழும் ஒலி கேட்க வேண்டும், ஆடக்கூடாது. ஆடினால் தோட்டாவின் உயரம் மாறும். ரைபிளைச் செய்தவரின் மேகசீன் பெரும்பாலும் நன்கு பொருந்துகிறது. பத்துத் தோட்டா கொள்வதைவிட ஐந்து கொள்வதில் விசை மாற்றம் குறைவு. நம் போட்டிக்கு ஐந்தே போதும்.

இனி, தங்கையின் கேள்விக்கு வருவோம். பத்துக்கு ஒருமுறை தடங்கும் ஒரு கெட்ட மேகசீன் இருப்பதாகக் கொள்க. அது தொடர்ந்து பத்துமுறை தடங்காமல் இயங்கும் வாய்ப்பு 0.9-இன் பத்தாம் அடுக்கு. ஏறத்தாழ 100-க்கு 35. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக அது என்னை ஏமாற்றியிருக்கும்! முப்பது முறை தடங்காவிட்டால் அந்த வாய்ப்பு 100-க்கு 4 ஆகக் குறைகிறது. நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் தடங்காது என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல, குறையின்றி 300 சுட்டிருக்க வேண்டும். பத்து போதவே போதாது.

முந்நூறு தோட்டாவுக்குக் காசு எங்கே என்பீர்கள். தனியே செலவழிக்க வேண்டியதில்லை, எண்ணிவைத்தால் போதும். ஒவ்வொரு மேகசீனுக்கும் வண்ணத்தால் ஓர் எண் இடுக. பயிற்சிதோறும், எந்த எண், எத்தனை தோட்டா, எத்தனையாவதில் தடங்கல் என்று குறித்து வருக. நாளுக்கு இருபது என்றால் பதினைந்து பயிற்சியில் முந்நூறு ஆகிவிடும். தடங்கல் வந்தால் அதே மேகசீனை வேறு ரைபிளில் செருகிப் பார்க்க. குறை மேகசீனோடு போனால் குற்றவாளி அதுவே. ரைபிளோடு நின்றால் ரைபிளையும் தோட்டாவையும் ஆராய்க. ஆய்வுக்கூடத்தில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுகிறோமே, அதே முறைதான். இவையெல்லாம் சுடுதளத்தில், பயிற்சியாளர் முன்னிலையில் மட்டுமே. தடங்கினால் விசையிலிருந்து விரலை எடுத்து, குழலை இலக்கின் பக்கமே வைத்து, முதலில் மேகசீனைக் கழற்றுக.

போட்டிக்குப் பிறகு அந்த மேகசீனை விளக்கடியில் பார்த்தேன். இடது உதடு மயிரிழை உள்வாங்கியிருந்தது. அதற்கு முந்தைய வாரம் சிமெண்டுத் தரையில் அதைத் தவறவிட்டவன் நான்தான். எடுத்துத் தூசி தட்டினேன், உதட்டைப் பார்க்கவில்லை. இப்போது எங்கள் குறிப்பேட்டில் ஒரு விதி உண்டு: கீழே விழுந்த மேகசீனின் கணக்கு மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும்.

ஆராய்ந்த பின்னரே ஆளை நம்புக என்பதற்காகத் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். கருவிக்கும் அது பொருந்தும். அக்குறிப்பேட்டை இன்று எழுதி வருபவள் அந்தத் தங்கையே. அடுத்த போட்டிக்கு மேகசீனை நான் எடுத்துக் கொடுக்கப் போவதில்லை. அவள் எண் பார்த்துத் தானே எடுத்துக்கொள்வாள்.