காற்றுத் தாங்கியில் தண்ணீர் நிற்கலாமா?



தேயிலைத்தூளில் கிடக்கும் காம்பைப் பிரித்தெடுக்கும் கலர் சோட்டர் மெசின், அமுக்கிய காற்றால்தான் வேலை செய்கிறது. மெசின் காம்பைக் கண்டதும் சிறிய வால்வ் திறந்து, காற்றை ஊதி அதைத் தள்ளிவிடும். அந்தக் காற்றைத் தருவது கொம்பிரசர்.

"தாங்கிக்குள்ள தண்ணி எப்படி வரும்? நாங்க ஊத்தலையே" என்று சிலர் கேட்கிறார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே ஈரம் உண்டு. 8 பங்கு காற்றை 1 பங்காக அமுக்கினால், அது ஆறும்போது ஈரம் தண்ணீராகி அடியில் தேங்கும். மழைக்காலத்தில் இன்னும் கூட.

இந்தத் தண்ணீர் துருவோடும் எண்ணெயோடும் சேர்ந்து வால்வை அடைக்கும். காம்பு தூளோடு போய்விடும். பாடுபட்டுக் காயவைத்த தூளிலும் ஈரம் படும். இதைவிடப் பெரிய ஆபத்து, உள்ளே துருப்பிடித்து மெலிந்த தாங்கி வெடிக்கலாம். பக்கத்தில் நிற்பவரின் உயிரே போகலாம்.

ஆகவே:

1. ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் தாங்கியின் அடிக்குழாயை மெதுவாகத் திறந்து, வெறும் காற்று வரும்வரை தண்ணீரை வெளியே விடுங்கள்.

2. வடிகட்டியின் கிண்ணத்தில் சேரும் தண்ணீரையும் வடித்துவிடுங்கள்.

3. கொம்பிரசர் காற்றை இழுக்கும் வாய்ப்பக்கம் தேயிலைத் தூசியும் புகையும் வராமல் பாருங்கள்.

4. அடிக்குழாயில் ஒன்றுமே வராவிட்டால் அது அடைபட்டிருக்கலாம். நீங்களாகக் குத்தாமல் உடனே பெக்டரி ஆபிசரிடம் சொல்லுங்கள்.

5. அந்தக் காற்றால் உடம்பையோ உடுப்பையோ ஊதித் துடைக்கவே வேண்டாம். கண்ணும் காதும் கெடும்.

தண்ணீர் வடிக்க இரண்டு நிமிஷம் போதும். அதை நாளைக்கு என்று விடாதீர்கள்.