நகரைப் பேணும் கல்வி

நுழையும்முன்

ஊர் பெருகி நகராகிறது. நகர் பெருகி அருகிலுள்ள ஊர்களைத் தன்னுள் சேர்த்துக்கொள்கிறது. அவ்வாறு சேரும்போது அவ்வூர்களின் ஏரியும் வயலும் கழிமுகமும் காற்றும் என்னவாகின்றன? இவ்வினாவுக்கு விடை தேடும் உயர்கல்வித் துறையே நகர்ப்புறப் பேண்தகு வளர்ச்சி. திருவள்ளூர் மாவட்டத்தையும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியையும் சான்றாகக் கொண்டு அத்துறையை அறிமுகம் செய்கிறது இப்பாடம்.

ஒரு தொடர்வண்டிப் பயணம்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் புறநகர்த் தொடர்வண்டியில் செல்ல ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வரை வீடுகளும் பணிமனைகளும் இடைவெளியின்றி நெருங்கி நிற்கின்றன. எண்ணூரைத் தாண்டியதும் கொசத்தலையாறு கடலை நோக்கி விரியும் கழிமுகம் கண்ணில் படுகிறது. அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கிகள் தெரிகின்றன. மீஞ்சூர், பொன்னேரி வழியாகச் செல்லும்போது நெல்வயல்களும் ஏரிக்கரைகளும் வருகின்றன. கவரைப்பேட்டையைக் கடந்தபின் ஆலைகளின் தகரக் கூரைகள் தலைகாட்டுகின்றன. பிறகு கும்மிடிப்பூண்டி வந்துவிடுகிறது.

பயணிக்கு இவை சாளரத்தின் வழியே கடந்து செல்லும் தனித்தனிக் காட்சிகள். நகர்ப்புறப் பேண்தகு வளர்ச்சியைப் பயிலும் மாணவர்க்கோ இவை ஒன்றோடொன்று பின்னிய ஒரே அமைப்பின் உறுப்புகள். கழிமுகத்தை ஒட்டிய நிலையத்தில் பிறக்கும் மின்சாரம் நகரத்தின் விளக்கை ஏற்றுகிறது. ஏரியின் நீர் நகரத்தின் குழாயில் வருகிறது. கும்மிடிப்பூண்டி ஆலைகளில் இரும்பை உருக்கி வார்க்கும் கம்பிகள் அடுக்குமாடிகளின் தூண்களுக்குள் நிற்கின்றன. அடுக்குமாடி எழுவது ஓரிடம். உலையின் புகை தங்குவது வேறோரிடம். இவ்விரண்டையும் ஒரே கணக்கில் எழுதக் கற்பதே இக்கல்வியின் முதற்பாடம்.

இக்கணக்கு இன்று முன்னிலும் இன்றியமையாததாகிவிட்டது. 1,189 சதுர கி.மீ. பரப்பில் இருந்த சென்னைப் பெருநகர்ப் பகுதி, 2022ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 5,904 சதுர கி.மீ. ஆக விரிவாக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து மடங்கான இவ்விரிவில் திருவள்ளூர் மாவட்டத்தின் ஊர்கள் பலவும் இடம்பெற்றன. சென்னை–பெங்களூரு தொழில் வழித்தடத்தின் மையங்களுள் ஒன்றாகப் பொன்னேரியும் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. இன்று வயலாக உள்ள நிலம் நாளை என்னவாகும் என்பதை முடிவு செய்யும் காலத்தில் இப்பகுதி நிற்கிறது.

நீரின் கணக்கு

திருவள்ளூரைச் சென்னையின் தண்ணீர்ப் பந்தல் எனலாம். கொசத்தலையாற்றின் குறுக்கே 1944ஆம் ஆண்டு கட்டிமுடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம், சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சோழவரம் ஏரியும் செங்குன்றம் ஏரியும் இம்மாவட்டத்தில் உள்ளவையே. 1983ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஆந்திரத்திலிருந்து கால்வாய் வழியாக வரும் கிருஷ்ணா நீர், 1996இல் ஊத்துக்கோட்டை அருகே தமிழக எல்லைக்குள் நுழைந்து பூண்டியை நோக்கி வந்தது. கும்மிடிப்பூண்டி வட்டத்தில் அமைந்த கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 2020ஆம் ஆண்டு நவம்பரில் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் கொள்ளளவு அரை டி.எம்.சி., அதாவது 50 கோடி கன அடி.

நிலத்தின் மேலுள்ள நீர் போதாதபோது நகரம் நிலத்தடியை நாடியது. 1960களின் பிற்பகுதியில் ஆரணியாறு, கொசத்தலையாறு ஆகியவற்றின் படுகையில் நிலத்தடி நீர்வளம் ஆராயப்பட்டது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களில் கிணறுகள் தோண்டி நகரத்துக்கும் ஆலைகளுக்கும் நீர் எடுக்கப்பட்டது. உழவும் அதே நீரை நம்பியிருந்தது.

கடலோர நிலத்தடியில் நன்னீரும் உவர்நீரும் ஒன்றையொன்று தடுத்து நிற்கின்றன. மழையால் ஊறும் நன்னீரின் அழுத்தமே கடல்நீரை உள்ளே வரவிடாது தடுக்கும் அணை. ஊறுவதைவிட மிகுதியாக இறைத்தால் அவ்வழுத்தம் குறைகிறது. மணற்படுகைகளின் வழியே கடல்நீர் உட்புகுகிறது. மீஞ்சூர்ப் பகுதியில் இதுவே நிகழ்ந்தது. கடலிலிருந்து பல கி.மீ. உள்ளே இருந்த கிணறுகளும் உவர்த்தன. உவர்நீரை வெளியேற்றி அந்நிலத்தடியை மீண்டும் நன்னீராக்கத் தடுப்பணைகளும் நல்ல மழையாண்டுகளும் வேண்டும். ஒரு தலைமுறையின் தாகம் அடுத்த தலைமுறையின் கிணற்றைக் கெடுத்தது என்பதைப் பேண்தகு வளர்ச்சி மாணவர் இங்கு நேரிலேயே காணலாம்.

கடல்நீரால் கெட்ட அதே வட்டாரத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைந்ததை வரலாற்றின் முரண் எனலாம். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீர் தரும் அந்நிலையம் 2010ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஆயினும் 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் நீர் கொண்டுவர நேர்ந்தது. நான்கே ஆண்டுகளுக்குமுன், 2015இல், அதே நகரம் வெள்ளத்தில் மிதந்தது. வெள்ளத்தையும் வறட்சியையும் தனித்தனி இடர்களாகக் கருதாமல், நீரைத் தேக்கிவைக்கும் இடங்களை இழந்ததன் இரு முகங்களாகக் காணும் பார்வையை இக்கல்வி தருகிறது.

ஊரை அறிந்து திட்டமிடல்

நகர் திட்டமிடல் என்னும் கல்வியின் முன்னோடிகளுள் ஒருவர் பேட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உயிரியலாளரான இவர், 1914ஆம் ஆண்டு நகரங்கள் குறித்த கண்காட்சியுடன் இந்தியாவுக்குப் புறப்பட்டார். படங்களும் வரைபடங்களும் ஏற்றிவந்த கப்பலை, சென்னையின்மீது குண்டு வீசிய அதே எம்டன் கப்பல் மூழ்கடித்தது. கெடிஸ் மனம் தளரவில்லை. நண்பர்களின் துணையால் புதிதாகத் திரட்டிய பொருள்களைக் கொண்டு 1915ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சியை நடத்தினார்.

உடலை ஆராயும் மருத்துவரைப்போல் நகரை ஆராய வேண்டும் என்பது அவர் கொள்கை. முதலில் ஊரை நடந்து பார். பிறகு திட்டமிடு என்றார். நெரிசலான தெருவை அடியோடு இடித்துத் தள்ளுவதை எதிர்த்தார். தேவையான இடத்தில் மட்டும் சிறிது திருத்தும் முறையை முன்வைத்தார். கொசுவை ஒழிப்பதற்காகக் குளங்களைத் தூர்க்க வேண்டும் என்ற கருத்தை மறுத்து, அவற்றில் மீன்களையும் வாத்துகளையும் வளர்க்கலாம் என அறிவுறுத்தினார். இடம், தொழில், மக்கள் என்னும் மூன்றையும் இணைத்தே ஊரை அறியவேண்டும் என்ற அவரது கருத்து, இன்றும் திட்டமிடல் வகுப்புகளில் முதலில் கற்பிக்கப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

1920 – சென்னை மாகாண நகர் திட்டமிடல் சட்டம்
1971 – தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம்; சிப்காட் நிறுவனத்தின் தொடக்கம்
1987 – பேண்தகு வளர்ச்சி என்னும் கருத்தை உலகறியச் செய்த புருண்ட்லாண்ட் குழுவின் அறிக்கை
2003 – தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாதல்
2015 – ஐக்கிய நாடுகள் அவையின் 17 பேண்தகு வளர்ச்சி இலக்குகள். நகரங்களைப் பற்றியது 11ஆவது இலக்கு

வகுப்பறையும் களமும்

முதுநிலைப் படிப்பு பொதுவாக ஈராண்டுகள், நான்கு பருவங்களாக நடைபெறுகிறது. நிலப்பயன்பாடு, நீரியல், போக்குவரத்து, வீட்டுவசதி, சுற்றுச்சூழல் சட்டம், நகரப் பொருளியல், சமூகவியல் ஆகியன பாடங்களாக அமைகின்றன. செயற்கைக்கோள் படங்களைப் படிக்கும் தொலையுணர்வும், வரைபடத்தின்மேல் தகவல்களை அடுக்கிப் பார்க்கும் புவித்தகவல் முறைமையும் கருவிகளாகப் பயிற்றுவிக்கப்படுகின்றன. இறுதிப் பருவத்தில் மாணவர் ஓரிடத்தைத் தேர்ந்து ஆய்வேடு எழுதுகின்றனர்.

ஒரு மாணவர் கும்மிடிப்பூண்டியைத் தேர்ந்தார் எனக் கொள்வோம். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய படத்தையும் இன்றைய படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எந்த ஏரியின் வரத்துக்கால் எங்கே அறுபட்டது எனக் காண்பது முதல் பணி. வருவாய்த்துறைப் புலப்படத்தோடு ஒப்பிட்டு அதனை உறுதி செய்வது இரண்டாம் பணி. இவ்விரண்டையும் அறையில் அமர்ந்தே செய்யலாம். மூன்றாம் பணிக்கு அவர் ஊருக்குள் நடக்க வேண்டும். ஏரிப் பாசனத்தில் பயிரிட்ட முதியவர், ஆலை வாயிலருகே தேநீர்க்கடை நடத்தும் பெண், வட மாநிலங்களிலிருந்து வந்து வாடகை அறையில் பலரோடு தங்கியிருக்கும் தொழிலாளி ஆகிய மூவரையும் கேட்க வேண்டும். ஆலை மூடினால் யாருக்கு இழப்பு, ஆலையின் கழிவு பெருகினால் யாருக்கு இழப்பு என்னும் இரு வினாக்களுக்கும் அவர்களிடமிருந்து கிடைக்கும் விடைகள் ஒன்றாக இரா. அவ்வேறுபாட்டை மறைக்காமல் எழுதுவதே நேர்மையான ஆய்வு.

ஒன்றின் கழிவு மற்றொன்றின் பொருள்

தொழில் வேண்டுமா, இயற்கை வேண்டுமா எனக் கேட்பது எளிது. இரண்டும் எவ்வாறு இணைந்து வாழும் எனக் கேட்பதே கடினம். டென்மார்க்கிலுள்ள கலுண்ட்போர்க் என்னும் சிறு துறைமுக நகரம் இதற்கொரு வழியைக் காட்டியது. அங்கு நிலத்தடி நீரைக் காப்பதற்காக 1961ஆம் ஆண்டிலேயே ஏரிநீரை ஆலைக்குக் கொண்டுவந்தனர். காலப்போக்கில் மின்நிலையத்தின் நீராவி அருகிலுள்ள ஆலைகளுக்குச் சென்றது. அதன் புகையைத் தூய்மை செய்யும்போது கிடைத்த ஜிப்சம், சுவர்ப்பலகை செய்யும் ஆலைக்கு மூலப்பொருளாயிற்று. ஓர் ஆலையின் கழிவு மற்றோர் ஆலையின் தேவையாகும் இம்முறையைத் 'தொழில் இணைவாழ்வு' என்பர்.

நம் பகுதியிலும் இதற்குத் தொடக்கங்கள் உள்ளன. அனல்மின் நிலையத்தின் சாம்பல், சிமெண்டும் செங்கல்லும் செய்யப் பயன்படுகிறது. சென்னை கொடுங்கையூரில் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை தூய்மையாக்கி, எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நீரை உருவாக்கும் நிலையம் 2019ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. அந்நீர் மணலி, எண்ணூர், மீஞ்சூர்ப் பகுதி ஆலைகளுக்கு வழங்கப்படுகிறது. ஆலை கழிவுநீரைத் தூய்மையாக்கிப் பயன்படுத்தினால் அந்த அளவுக்கு ஏரிநீர் மக்களுக்கு மிஞ்சுகிறது. 2003ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூர் பெரிய அளவில் மேற்கொண்டுவரும் வழியும் இதுவே.

மரபின் அறிவு

பேண்தகு வளர்ச்சி என்னும் சொல் புதியது. அதன் பொருள் நமக்குப் பழையது. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரியைப் பேணுவதற்கென்றே ஏரி வாரியம் இருந்ததைத் தெரிவிக்கின்றன. பழவேற்காடு ஏரியில் மீனவர்கள் 'பாடு' என்னும் முறையைக் கைக்கொண்டு வந்துள்ளனர். எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலையிடுவது என முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. வளமான இடம் ஒருவருக்கே உரியதாகாமல் சுழற்சியில் அனைவருக்கும் கிட்டியது. பொதுவளத்தைப் பகிர்வதற்கான இம்முறையை இன்றைய ஆய்வாளர்கள் வியந்து பயில்கின்றனர்.

தெரியுமா?

பூண்டிக்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் பூட் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார். அங்குக் கிடைத்த கருவிகளுள் தொன்மையானவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழைமையானவை என 2011ஆம் ஆண்டு வெளியான ஆய்வு கூறுகிறது. கொசத்தலையாற்றுப் படுகையை மனித இனம் நாடிவந்தது நேற்று இன்று அன்று.

யார் பயிலலாம்?

கட்டடக்கலை, கட்டுமானப் பொறியியல், திட்டமிடல் ஆகியவற்றில் இளநிலைப் பட்டம் பெற்றோர் இத்துறைக்கு வரலாம். புவியியல், பொருளியல், சமூகவியல் பயின்றோர்க்கும் பல நிறுவனங்கள் இடமளிக்கின்றன. எனவே கலைப்பிரிவு மாணவரும் இதனைத் தமக்குத் தொலைவானதாக எண்ண வேண்டியதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி, தில்லியிலுள்ள திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளி, அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம், கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஆகியன திட்டமிடலில் முதுநிலைப் படிப்புகளை வழங்குகின்றன. 'கேட்' எனப்படும் தேசிய நுழைவுத் தேர்வில் கட்டடக்கலை மற்றும் திட்டமிடலுக்கெனத் தனித்தாள் உண்டு. 2021ஆம் ஆண்டு முதல் சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியலுக்கும் தனித்தாள் சேர்க்கப்பட்டது.

நகரின் விளிம்பில் வளர்ந்த மாணவருக்கு இத்துறையில் ஒரு தனி வலிமை உண்டு. எந்த மடை எந்த வயலுக்குப் பாயும், எந்தத் தெருவில் மழைநீர் தேங்கும், எந்தக் கிணறு எப்போது உவர்த்தது என்பதை அவர் நூலைப் படிக்கும் முன்பே அறிந்திருக்கிறார். பட்டம் அவ்வறிவுக்கு அளவையும் சட்டமும் மொழியும் தருகிறது. திட்டத்தை வரையும் மேசையில் அம்மாணவர் அமரும் நாளில், வரைபடத்தில் வெற்றிடமாகக் காட்டப்பட்ட நிலத்தைச் சுட்டி, "இது வெற்றிடம் அன்று, எங்கள் ஏரியின் நீர்பிடிப்பு" என்று சொல்ல ஒருவர் இருப்பார். அந்த ஒரு சொல் ஓர் ஏரியைக் காக்கக்கூடும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள ஏரி அல்லது குளத்தின் வரத்துக்கால், மதகு, கலங்கல் ஆகியவற்றை நேரில் கண்டு, கையால் வரைபடம் வரைந்து வகுப்பில் விளக்குக.
2. உங்கள் வீட்டுக் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கேட்டறிந்து, அதன் பயணத்தை ஒரு பக்க அளவில் எழுதுக.

மதிப்பீடு

குறுவினா
1. 'பாடு' முறை என்பது யாது?
2. பேட்ரிக் கெடிஸ் இணைத்துக் காண வேண்டும் என்ற மூன்று யாவை?

சிறுவினா
1. கடலோரக் கிணறுகள் உவர்நீராக மாறுவது எவ்வாறு? விளக்குக.
2. தொழில் இணைவாழ்வை ஒரு சான்றுடன் விளக்குக.

நெடுவினா
நகரத்தின் வளர்ச்சியும் அதன் விளிம்பிலுள்ள ஊர்களின் வாழ்வும் ஒரே கணக்கில் எழுதப்பட வேண்டும் என்னும் கருத்தைப் பாடப்பகுதியின் சான்றுகளுடன் நிறுவுக.