ஓவியர் சங்கர்: ஒரு வாழ்க்கைப் பாடம்

ஆய கலைகள் அறுபத்து நான்கு என்பர் நம் முன்னோர். அவற்றுள் ஓவியமும் ஒன்று. ஆயினும் நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் அக்கலைக்கு உரிய இடத்தைத் தந்திருக்கிறோமா என்பது எண்ணிப் பார்க்க வேண்டியதாகும். "படிக்கிற நேரத்தில் என்ன கிறுக்கல்?" என்று கேட்காத பெற்றோர் சிலரே.

வரலாற்று நோட்டின் ஓரத்தில் குதிரை வீரனை வரைந்திருந்த ஒரு மாணவியை, ஆசிரியராகிய நாமும் ஒருமுறை கடிந்துகொண்டதுண்டு. கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பெண் அவள். அதன் பின் அந்த நோட்டின் ஓரங்கள் வெறுமையாகவே இருந்தன. அந்த வெறுமை நம் மனத்தை உறுத்தியது. அதன் விளைவே இக்கட்டுரை.

யார் இவர்?

பெற்றோர் பலர் சிறுவயதில் அம்புலிமாமா படித்திருப்பர். உருவிய வாள் ஒரு கையில், வேதாளம் புகுந்த உடல் தோளில், சுற்றிலும் மயானம், அஞ்சாமல் நடக்கும் விக்கிரமாதித்த மன்னன். அந்தப் படத்தைப் பார்த்துப் பயந்தவர்களும் உண்டு, பயந்துகொண்டே மறுபடியும் பார்த்தவர்களும் உண்டு. ஆனால் வரைந்தவர் பெயரைக் கேட்டால் விடை சொல்வோர் மிகக் குறைவு. அவரே ஓவியர் சங்கர். முழுப்பெயர் கே. சி. சிவசங்கரன்.

இளமையும் கல்வியும்

இவர் 1924 ஆம் ஆண்டு, தாராபுரம் பக்கத்திலுள்ள காரத்தொழுவு என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். 1934 இல் தாயாருடனும் உடன்பிறந்தோருடனும் சென்னைக்கு வந்தார். முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது இவரது கைத்திறனைக் கண்டுகொண்டவர் ஓவிய ஆசிரியர். பட்டப் படிப்புக்குச் செல்வதைவிடக் கலைப்பள்ளியில் சேர்வதே நன்று என வழிகாட்டியவரும் அவரே. ஒரு சொல் ஒரு வாழ்வையே திருப்பிவிட்டது. ஆசிரியர் சொல் தளிரைக் கருகவும் வைக்கும், தழைக்கவும் வைக்கும் என்பதை நாம் இதனால் உணர்கிறோம்.

1941 இல் சென்னை அரசுக் கலைப்பள்ளியில் சேர்ந்தார். அப்போது அதன் முதல்வராக இருந்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. சென்னைக் கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலையை வடித்த சிற்பி அவர்தாம். ஐந்தாண்டுப் பயிற்சி முடித்த சங்கர், 1946 இல் 'கலைமகள்' இதழில் ஓவியராகச் சேர்ந்தார்.

அறுபது ஆண்டு உழைப்பு

1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிலிருந்து தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய சிறுவர் இதழே அம்புலிமாமா. பின்னர் அது பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் வெளிவந்தது. 2004 ஆம் ஆண்டில் சந்தாலி என்னும் பழங்குடி மொழியிலும் வந்தது. 1952 இல் சங்கர் இவ்விதழில் சேர்ந்தார். வேதாளம் சொன்ன பழங்கதைகள் இருபத்தைந்துதாம். ஆனால் சிறுவரின் ஆர்வம் அடங்காததால் புதிய கதைகள் எழுதப்பட்டு, அத்தொடர் பல்லாண்டுகள் நீண்டது. மன்னனும் வேதாளமும் சங்கரின் தூரிகையில் நிலைபெற்றனர்.

கதைப்படம் வரைவது எளிது என்று நாம் நினைக்கக் கூடாது. முதலில் கதையைக் கருத்தூன்றிப் படிக்க வேண்டும். எந்தக் காட்சியை வரைந்தால் படிப்பவர் மனத்தில் பதியும் எனத் தேர வேண்டும். காலத்துக்கும் நாட்டுக்கும் ஏற்ற உடை, அணிகலன், கட்டடம் ஆகியவற்றை அறிந்திருக்க வேண்டும். முதற்படத்தில் உள்ள முகம் கடைசிப் படத்திலும் மாறாதிருக்க வேண்டும். பென்சிலால் வரைந்து மையால் முடித்து, குறித்த நாளில் கொடுக்க வேண்டும். அச்சகம் யாருக்காகவும் காத்திராது. இப்பணியை அவர் ஓராண்டு ஈராண்டு அல்ல, இதழ் நின்றுபோன 2012 வரை, ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் செய்தார். வரலாறு, இலக்கணம், கணக்கு இவற்றுக்கு வேண்டிய அதே கவனமும் பொறுமையும் ஓவியத்துக்கும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

காலம் தாழ்ந்த மாலை

சங்கர் 2020 செப்டம்பர் 29 அன்று, தம் 96 ஆம் வயதில் மறைந்தார். பத்மஸ்ரீ விருது 2021 இல் அறிவிக்கப்பட்டது. விருது வந்தது, வாங்கும் கை இல்லை.

கடல் கடந்த பிலிப்பைன்ஸ் நாட்டிலும் இப்படியே நடந்தது. அங்கே படக்கதை ஓவியர்களுள் தலைசிறந்தவர் எனப் போற்றப்படும் பிரான்சிஸ்கோ கோச்சிங், தாமே கதை எழுதித் தாமே படமும் வரைந்தவர். 1919 இல் பிறந்து 1998 இல் மறைந்தார். அந்நாடு அவருக்குத் 'தேசியக் கலைஞர்' என்னும் பட்டத்தை 2014 இல்தான் வழங்கியது. சிறுவருக்காக வரைபவர்தானே என்ற எண்ணத்தால்தான் உலகம் இவர்களைத் தாமதமாகக் கண்டுகொள்கிறதோ என்று கேட்கத் தோன்றுகிறது. பாராட்ட வேண்டியதைக் காலத்தே பாராட்டுவது நம் கடமை.

நாம் செய்யக் கூடியது

மாணவியரே, கோமுகி ஆறு பிறக்கும் நம் கல்வராயன் மலையில் சாமையும் தேனும் கடுக்காயும் மட்டுமா விளைகின்றன? கதைகளும் விளைகின்றன. வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் பாட்டிமார் சொல்லும் கதைகளுள் எத்தனை படமாக வந்துள்ளன? அவற்றைக் கேட்டு எழுதுங்கள், எழுதியதை வரையுங்கள். பாடத்தையும் விடாதீர்கள், தூரிகையையும் விடாதீர்கள். பெற்றோரே, பிள்ளையின் நோட்டில் படத்தைக் கண்டால், கடிந்துகொள்ளுமுன் ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

அந்த மாணவிக்கு நாம் கோடு போடாத நோட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். சில நாள் அவள் அதைத் தொடவே இல்லை. கடிந்த சொல்லுக்கு அவ்வளவு வலிமை! சென்ற வாரம் தயங்கியபடி கொண்டுவந்து காட்டினாள். முதற்பக்கத்தில் ஒரு திண்ணை. திண்ணையில் கதை சொல்லும் பாட்டி. சுற்றிலும் வாய் பிளந்து கேட்கும் குழந்தைகள். அடுத்த பக்கங்கள் இன்னும் காலியாக உள்ளன. அவை நிரம்பட்டும்!