விரதத் தட்டில் புரதம்

தைப்பூசம் நெருங்கினால் தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்கும் தம்பிகள் வகுப்பில் என்னிடம் தவறாமல் கேட்பது இதுதான்: "அண்ணே, சைவம் சாப்பிட்டா ஏன் உடம்பு தளர்ந்து போவுது?" நான் திருப்பிக் கேட்பேன்: "நேத்து என்னப்பா சாப்பிட்ட?" பசியாற ரொட்டி, தே தாரேக். பகலுக்குச் சோறு, ரசம், உருளைக்கிழங்குப் பிரட்டல். இரவுக்கு மீகூன். இறைச்சியை எடுத்தாச்சு, அந்த இடத்தில் எதையும் வைக்கலை!

தசை, தோல், இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின், நோயை எதிர்க்கும் அணுப்பொருள்கள், எல்லாமே புரதத்தால் ஆனவை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 60 கிலோ இளைஞருக்குச் சுமார் 50 கிராம். 300 கிராம் சோற்றில் இருப்பதோ 8 கிராம்தான். ரசத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இது பழைய கதை. 1920களில் நீலகிரியின் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவு முதலிடம். அரிசியே பெரும்பகுதியான மதராஸ் உணவு கடைசி. படிக்கும்போது நமக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் தட்டு முழுக்கச் சோறு, ஓரத்தில் கொஞ்சம் குழம்பு என்ற பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லையே.

புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் 9 வகையை நம் உடலால் செய்துகொள்ள முடியாது. அரிசியில் லைசின் என்ற அமிலம் குறைவு; பருப்பில் அது நிறைய. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. வெண்பொங்கலும் இட்லியும் இந்த ஜோடிதான். ஒரே வேளையில் சேர வேண்டும் என்றில்லை, ஒரே நாளில் சேர்ந்தால் போதும்.

நம் ஊரில் இன்னொரு வசதி, தெம்பே. புக்கிட் மெர்தாஜாம் பாசாரில் எளிதாகக் கிடைக்கும். ஜாவாக்காரர்கள் தந்த சொத்து. 100 கிராமில் ஏறத்தாழ 19 கிராம் புரதம். சோயா என்பதால் 9 அமிலங்களும் உண்டு. ஒரு கப் வெந்த கொண்டைக்கடலையில் 14 கிராம், ஒரு டம்ளர் பாலில் 8. கோதுமைப் பசையில் செய்த 'சைவக் கோழி'யிலும் புரதம் அதிகம்தான். ஆனால் லைசின் குறைவு, உப்பும் கூடுதல். எனக்கு அதில் அவ்வளவு பிரியமில்லை.

ஒருவேளை மட்டும் சாப்பிடுகிறவர்கள் கவனிங்க. மொத்த உணவே குறைந்தால் உடல் புரதத்தையும் அடுப்பு விறகாக எரித்துவிடும். சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் இதைத்தான் வற்புறுத்தினார்: பிள்ளைகளுக்கு முதலில் வயிறு நிறையட்டும், தனிப் புரத மாவு அப்புறம். ஜிம்முக்குப் போகும் தம்பிகளே, டப்பாவிலுள்ள வே பவுடரும் பாலிலிருந்து எடுத்ததுதான்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம். வீட்டில் இனிப்புநீர்க்காரப் பெரியவர்கள் இருந்தால் இதை அவர்களிடமும் சொல்லுங்கள். மற்றவர்கள் இன்றிரவே ஒரு கப் கடலையை ஊற வையுங்கள், காலையில் சுண்டலாகிவிடும்.