இஸ்லாமிய உயர்கல்வியிற் பழமையும் புதுமையும்

பழமையையும் புதுமையையும் பகையாக நிறுத்திப் பேசுதல் எளிது. அவை எங்ஙனம் உறவாயின என்று ஆராய்தலே அரிது. இஸ்லாமியரது உயர்கல்வி இவ்வாராய்ச்சிக்குத் தக்கதோர் இடமாகும்.

நம் நாட்டு மதரஸாக்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் பாடத்திட்டம் ‘தர்ஸே நிஜாமி’ எனப்படும். இதனை வகுத்தவர் லக்னோ நகரத்து முல்லா நிஜாமுத்தீன். அவர் 1748இல் மறைந்தார். இன்று பழமையின் அறிகுறியெனக் கருதப்படும் இத்திட்டம் தோன்றிய காலத்திற் புதுமையாகவே இருந்தது. அரபு இலக்கணம், சமயச் சட்டம் ஆகியவற்றோடு தருக்கம், தத்துவம், யூக்ளிடின் க்ஷேத்திர கணிதம் என்பனவும் அதில் இடம்பெற்றன. அருமையான நூலொன்றை ஆசிரியர் துணையோடு ஆழ்ந்து கற்றவன், பின்னர் எந்நூலையும் தானே கற்கவல்லனாவான் என்பதே அதன் உட்கருத்து.

அம்மரபு தமிழகத்திற்கும் வந்தது. முல்லாவின் மைந்தரும், கல்விக்கடல் எனப் பொருள்படும் ‘பஹ்ருல் உலூம்’ என்னும் சிறப்புப் பெயருடையவருமான அப்துல் அலி, ஆர்க்காட்டு நவாபின் ஆதரவிலே சென்னையிற் கற்பித்து 1810இல் மறைந்தார். பின்னர் 19ஆம் நூற்றாண்டிலே ஷா அப்துல் வஹ்ஹாப் வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரியை நிறுவினார். அங்குத் தேறியோர் ‘பாக்கவி’ எனப்படுவர்.

இதற்குள் அரசாட்சி மாறி, ஆங்கிலமே உத்தியோகத்திற்கு வாயிலாயிற்று. 1866இல் தேவ்பந்திலே சமயக் கல்விக்கும், 1875இல் அலிகாரிலே மேனாட்டுக் கலைகளுக்கும் நிலையங்கள் எழுந்தன. எனினும், தேவ்பந்து தானும் வகுப்பு, ஆண்டுத் தேர்வு, பொதுமக்கள் நன்கொடை என்னும் புதிய ஏற்பாடுகளை மேற்கொண்டது. அலிகாரும் சமயபாடத்தைக் கைவிட்டதன்று.

தமிழகத்தில் 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், 1951இல் திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும், சென்னை நியூ காலேஜும் தோன்றின. நம் சிவகங்கை மாவட்டத்து இளையான்குடியிலே 1970இல் டாக்டர் ஜாகிர் உசேன் கல்லூரி எழுந்தது.

இங்ஙனம் வாயில்கள் இரண்டாயின. பல மதரஸாக்கள் இன்று ஆங்கிலமும் கணினியும் கற்பிக்கின்றன. கல்லூரிகள் சிலவற்றில் அரபும் உண்டு. ஆயினும் தருக்கம் கற்ற ஆலிம் பௌதிகம் அறியாமலும், பௌதிகம் கற்ற பட்டதாரி தன் மறையை மொழிபெயர்ப்பாலன்றி உணராமலும் நிற்றல் அரிதன்று. ஒரே தெருவிற் பிறந்த இருவர் ஒருவர் பேச்சை மற்றவர் அறியாராயின், நட்டம் அத்தெருவுக்கே அன்றோ?

எகிப்து நாட்டு அல்-அஸ்ஹர், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் மருத்துவத்தையும் பொறியியலையும் தன்னகத்தே சேர்த்துக்கொண்டது. நன்றே, ஆனால் பாடங்களை அருகருகே வைத்தல் மட்டும் போதாது. முல்லா நிஜாமுத்தீனது நூற்பட்டியைக் காத்து அவரது நோக்கத்தை மறத்தல் மரபைக் காத்தலாகாது. தானே ஆராயும் மாணாக்கனை உருவாக்குவதே அந்நோக்கம். புதிய கல்வி வேண்டுவதும் அதுவே.

வேதபாட வகுப்பையும் விஞ்ஞான சாலையையும் ஒரு கூரையின்கீழ்க் கண்ட நமக்கு இவ்வினா அயலதன்று. இரண்டிற்கும் இடையேயுள்ள தாழ்வாரத்திலே நாம் யாது உரையாடுகின்றோம் என்பதைப் பொறுத்தே நம் கல்வியின் பயனும் அமையும்.